மும்முரசு இரண்டாம் பாகம் வாங்கலாமா

முதலில் ஒரு கதவு முனகியது. எங்கள் வீட்டுக் கதவு இல்லை. எங்கள் வீட்டுக் கதவெல்லாம் பிளைவுட், அவை முனகாது, மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இது பெரிய கதவு. பத்து ஆள் சேர்ந்து தள்ளுகிற கதவு. அதற்குப் பிறகு தொம் என்று ஒன்று. கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தொம். அப்புறம் சங்கிலி இழுபடுகிற சத்தம். அப்புறம், சமையலறைக்குள்ளிருந்து, மூச்சு. மனிதர் விடுகிற மூச்சு இல்லை.

புலிப்படம் போட்டவரே, உங்கள் கேள்வியை மறக்கவில்லை. ‘மும்முரசு இரண்டாம் பாகம் வாங்கலாமா வேண்டாமா, யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள்’ என்று நேற்று எங்கள் குழுவில் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தம்பியா, அண்ணனா, தங்கச்சியா, தெரியாது. படத்தில் புலி மட்டும்தான் இருக்கிறது. ஒரு வரியில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ‘வாங்கலாம்’ என்று அடித்தும்விட்டேன். பிறகு அழித்தேன். முந்தாநாள் ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் வாங்கலாம் என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். நான் கான்வென்ட்டில் படித்தவள். முழுப் பொய்க்கு எங்கள் சிஸ்டர் ஒரு அடியோடு விட்டுவிடுவார். பாதிப் பொய்க்குத்தான் முட்டி போட வைப்பார்.

குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கிறாள். இசபெல். பத்து மாதம். நாலு வரிக்கு ஒருதரம் எழுந்துபோய் அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன், மூச்சு வருகிறதா என்று. இதுவரை வராமல் இருந்ததில்லை. ஆனால் நான் போய்ப் பார்ப்பதால்தான் வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் எங்காவது வாக்கியம் அறுந்து தொங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பெர்னதெத். குழுவில் நீங்கள் பார்க்கிற ‘ஒற்றைக்கோட்டை’ நான்தான். பாளையங்கோட்டையில் ஒரு இரண்டாவது மாடி வீடு. கணவர் அருள்செல்வன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். சிக்னல் இருக்கிற இடத்தில் பேசுவார். கப்பல் பெரும்பாலும் சிக்னல் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் போகிறது. அம்மா துபாயில், அண்ணன் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். தனியாகவா இருக்கிறாய் என்று கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பால் பாட்டில் கழுவவே எனக்கு நேரம் பத்தவில்லை, தனியாக இருப்பதற்கு எங்கே நேரம்?

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

முதல் பாகத்தை நீங்கள் ஆடியிருக்கிறீர்களா? ஆடாவிட்டால் உங்களோடு நான் எதைப் பேசுவது! கல்லூரி விடுதியில் விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆடினேன். மூன்று நாடு, மூன்று முரசு. ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரி வெட்டி, நெல் விளைத்து, யானை பிடித்துப் பழக்கி, தூது அனுப்பி, தூது பலிக்காவிட்டால் படை அனுப்பி. எல்லாம் தமிழில். எதிரி கூடத் தமிழில்தான் திட்டுவான். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

அந்த நாளில் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. ஆடி முடித்ததும் அன்றைக்கு நம் நாட்டில் நடந்ததை ‘ஓலை’யாக எழுதிப் போட வேண்டும். ராஜாங்கத் தமிழில். ‘இன்னார்க்கு இன்னார் பணிந்து அனுப்பும் ஓலை’ என்று தொடங்கி. ஓலைக்குள் நம் சொந்த வீடு, வேலை, பரீட்சை எதுவும் வரக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம். ராத்திரி எட்டு மணிக்கு ஓலைகள் வந்து விழும். வந்ததும் சண்டை தொடங்கும். என்ன சண்டை! ஒரு வாய்க்காலைக் கிழக்கே திருப்பியது சரியா என்று மூன்று நாள் ஓடியது.

இரண்டாம் பாகத்துக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். வெளியாகிற நாளுக்காகச் சட்டை அடித்தோம். கறுப்பில் ‘முரசு முழங்கட்டும்’ என்று சிவப்பு எழுத்து. ‘எரிதழல்’ என்கிறவர் எல்லாருடைய விலாசமும் வாங்கி வீட்டுக்கே அனுப்பினார். நான் இசபெல்லுக்கும் ஒன்று கேட்க நினைத்து, சட்டம் நினைவுக்கு வந்து, கேட்கவில்லை.

வெளியானது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தோம். ஏழு மணிக்குக் குழுவில் முதல் செய்தி, எரிதழலிடமிருந்து.

“யானை கடல் மேல நடக்குது.”

“அது மணல்திட்டு,” என்று நான் எழுதினேன்.

“அந்த மணல்திட்டுக்குள்ள திமிங்கலம் நீந்துது.”

“பெரிய மணல்திட்டு.”

“செத்துப்போன அமைச்சர் சபைக்கு வந்து யோசனை சொல்றார்.”

“அனுபவசாலி.”

“தூதுவனுக்குத் தலை இல்லை. தலைப்பாகை மட்டும் மிதந்து வருது.”

“பணிவு.”

சிரிக்கிறீர்களா? அன்று குழுவில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்தில் ஆள் ஆளாகக் கழன்றுகொண்டார்கள். ‘அழித்துவிட்டேன்’ என்று ஒரு செய்தி, கும்பிடுகிற இரண்டு கை, ‘வெளியேறினார்’. நான் ஒவ்வொருவரையும் தடுத்தேன். பேட்ச் என்று கம்பெனி ஒரு திருத்தம் அனுப்பும், சரியாகும் என்றேன். பேட்ச் வந்தது. தூதுவனுக்குத் தலை வந்தது, கால் போனது. அடுத்த பேட்சில் சரியாகும் என்றேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், ‘மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன்’ என்று தொடங்கி, ஓரத்தில் கோடு போட்டு. கான்வென்ட்டில் எங்களுக்குப் புகார் சொல்லக் கற்றுத்தரவில்லை, நன்றாகக் கோடு போடக் கற்றுத்தந்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. சின்னதுதான். என் லேப்டாப்பில் விளையாட்டு திறக்கவில்லை. திறப்பதற்கு முன்னால் ஒரு கோடு நிரம்புமே, அது முக்கால்வாசி நிரம்பி நின்றுவிடும். தினமும் மத்தியானம் குழந்தை தூங்கும்போது அழுத்திவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் எழுந்துவிடுவாள். கோடு அங்கேயே நிற்கும்.

அதற்காக ஓலை எழுதாமல் இருக்க முடியுமா? குழுவையே நான் ஒருத்திதான் தாங்கிக்கொண்டிருக்கிறேன். நான் நிறுத்தினால் யார் எழுதுவார்கள்? அதனால் எழுதினேன், தினமும். முதல் பாகத்தின் அனுபவம் இருக்கிறது, கற்பனை இருக்கிறது, அது போதாதா? ஒரு மாதிரிக்கு ஒன்று தருகிறேன்.

‘தென்புலத்து வேந்தர்கட்கு ஒற்றைக்கோட்டை பணிந்து அனுப்பும் ஓலை. இரண்டாம் சாமத்தில் வடக்கு வாயிலில் வெள்ளம். விரிப்புகள் யாவும் நனைந்தன. மாற்று விரிப்புகள் கொடியில் உள்ளன, மழை விட்டபாடில்லை. நான்காம் சாமத்தில் இளவரசர் பால் கப்பம் கேட்டு முரசறைந்தார். செலுத்தினோம். ஏற்றுக்கொண்டு, சற்று நேரத்தில் நம் தோளிலேயே திருப்பி அளித்தார்.’

யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. அந்த விஷயத்தில் நான் கெட்டி. ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போது இசபெல் பாய்ந்து வந்து விசைப்பலகையை அறைந்துவிட்டாள். ‘ஞஞஞஞஞளளௌஞஞ’ என்று போய்விட்டது. உடனே சமாளித்தேன்: ‘பகைவரின் சங்கேத மொழி, ஒற்றர் கொண்டுவந்தது.’ அதற்கு ‘வேங்கைமார்பன்’ என்பவர் பதில் போட்டார்: ‘இந்த மொழியை யாம் அறிவோம். பல் முளைக்கிற காலத்தில் கூடுதலாகப் பேசப்படும். ஈறில் தேன் தடவ வேண்டாம்.’ யானைக்குத் தந்தம் முளைப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஓலைச் சுவை தெரிந்தவர்.

இந்தத் திங்கட்கிழமை எரிதழல் அந்தச் செய்தியைப் போட்டார். ‘செத்த வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு வைப்போம். பெரும்பான்மை சொன்னால் குழுவை மூடிவிடுவோம்.’

எனக்கு வந்த கோபம்! அன்று சோறு வைக்க மறந்துவிட்டேன். நாள் முழுக்க என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: பாப்பா சாப்பிட்டாளா, பாப்பா தூங்கினாளா, பாப்பாவுக்குச் சளி விட்டதா. எட்டு மணிக்குத்தான் ஒரு மனிதர் வந்து, ‘ஒற்றைக்கோட்டை, உமக்கு அறிவிருக்கிறதா’ என்று கேட்பார். அதையும் மூடினால்? விளையாட்டின் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். எனக்கென்ன, எனக்கு ஆயிரம் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால்தான் சத்தம் வந்தது.

மணி எட்டு இருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்வீடு காலி. முன்கதவைப் பூட்டி, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியும் வைத்துவிட்டு, படுக்கையறையில் இசபெல்லுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவு முனகியது. தொம். தொம். சங்கிலி. மூச்சு.

காவல் தூதர் ஜெபத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். பயத்தில் உணவுக்கு முன் சொல்கிற ஜெபம்தான் வந்தது. ‘ஆண்டவரே, நாங்கள் உண்ணப்போகும் இந்த உணவை ஆசீர்வதியும்.’ சமையலறையில் மூச்சு விடுகிற மிருகத்தின் சார்பாக நான் ஜெபித்த மாதிரி ஆகிவிட்டது. பாதியில் நிறுத்தினேன்.

அருளுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால். அம்மாவுக்குச் சொன்னால் துபாயில் மயங்கி விழுவார், அங்கேயும் ஒரு குழந்தை கையில் இருக்கிறது. போலீஸுக்கு என்ன சொல்வது? ‘சத்தம் கேட்குது சார்.’ ‘என்ன சத்தம்?’ ‘யானை சார்.’ ‘எங்கே?’ ‘இரண்டாவது மாடியில் சார்.’

கை தானாகப் பழகின இடத்துக்குப் போனது. குழுவைத் திறந்தேன்.

‘ஓலை. அவசரம். மடைப்பள்ளியில் இனந்தெரியாத உயிர். சங்கிலி ஓசை. கோட்டையில் வீரர் எவருமிலர். தளபதி கடல் கடந்து சென்றுள்ளார். இளவரசரும் யாமும் மட்டுமே. துணைப்படை அருகில் இருப்பின்’

அனுப்பவும் என்று முடிப்பதற்குள் இசபெல் போனைத் தட்டிவிட்டாள். போய்விட்டது.

பிறகு எரிதழல்: “இது விளையாட்டா, வீடா?”

மற்ற நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கே ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். சட்டம் போட்டதே அவர்தான். ‘வீடு’ என்று எழுதினேன்.

“கதவைத் திறக்காதீங்க. வாரேன்.”

அதற்குக் கீழே வேங்கைமார்பன்: “நானும்.”

போனைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. உள்ளே ஒரு ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. வெளியே இன்னும் இரண்டை நானே கையெழுத்துப் போட்டு வரவழைத்திருக்கிறேன். முகம் தெரியாத ஆண்கள், அதில் ஒருவருக்கு என் விலாசம் வேறு தெரியும். எரிதழல்! வேங்கைமார்பன்! இந்தப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள்? (ஒற்றைக்கோட்டை என்று வைத்துக்கொண்டவள் எப்படி இருக்கிறாள் என்று அப்போது தோன்றவில்லை.)

கால் மணி நேரத்துக்குள் மணி அடித்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு போய்க் கதவின் ஓட்டையில் கண்ணை வைத்தேன். ஹெல்மெட் போட்ட தலை ஒன்று ஓட்டையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது.

“யாரு?”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, “எரிதழல்.”

“எப்படி நம்புறது?”

“சட்டை போட்டிருக்கேன்லா! பாருங்க!” பின்னால் நகர்ந்தார். கறுப்புச் சட்டை. ‘முரசு முழங்கட்டும்’. தொப்பையில் ‘முழ’ மட்டும் பெரிதாக இருந்தது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குடை.

சட்டையை யாரும் திருடிப் போட்டுக்கொள்ளலாம். சோதித்தேன். “முதல் பாகத்தில ஆற்றுக்கோட்டைத் தெற்கு வாசலை எப்படித் திறக்கணும்?”

“யானைய வெச்சு இடிக்கக் கூடாது. உள்ள இருக்கிற உப்பு வியாபாரிக்குத் தூது விடணும். அவன் திறந்துவிடுவான்.” அதோடு நிறுத்தவில்லை. “ரெண்டாம் பாகத்துல அந்த உப்பு வியாபாரியையே எடுத்துட்டானுவ. நல்ல கதாபாத்திரம். ஏன் எடுத்தான்? என்ன கெட்டுப்போச்சு அவனால? வெக்கம் இருக்கணும்ங்க, இப்படி ஒண்ணைக் கொண்டாந்து…”

திறந்துவிட்டேன். விடையை யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொண்டு வரலாம். அந்த எரிச்சலைக் கற்க முடியாது.

அவருக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அம்மா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புர்கா, கையில் சப்பாத்திக் கட்டை. “நான்தாம்மா வேங்கைமார்பன். ரஹ்மத் நிஷா. மேலப்பாளையத்துல தையல் மிஷின் கடை. இந்த டாக்டருதான் விலாசம் அனுப்புனாரு. எங்க வீட்டுக்காரரு கீழ வண்டில நிக்காரு, அவருக்கு முட்டி வலி. எங்க அது?”

சமையலறையைக் காட்டினேன். தொம், என்றது உள்ளே.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அன்றுதான் முதல்முறை சந்திக்கிறார்கள்.

“நீங்க முன்னால போங்க டாக்டர்,” என்றார் நிஷா.

“நான் பல் டாக்டருங்க.”

“அது வாயைத் திறந்தா நீங்கதான பாக்கணும்?”

குடையை நீட்டிக்கொண்டு அவர் நுழைந்தார். பின்னால் கட்டை. அதன் பின்னால் நான், குழந்தையோடு. படுக்கையறையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் தனியாக இருக்கிற அறையை விட மிருகம் இருக்கிற அறை பரவாயில்லை என்று தோன்றியது. விளக்கைப் போட்டார். யாருமில்லை. மேடையில் பால் பாட்டில்கள் கவிழ்ந்திருந்தன. அலமாரியில் பருப்பு டப்பா. அதன் மேல் என் சின்ன புளூடூத் ஸ்பீக்கர், குழந்தை தூங்குவதற்காக மழைச் சத்தம் போடுவேனே, அது. அந்த ஸ்பீக்கர் தொண்டையைக் கனைத்தது.

“வருக வேந்தே,” என்றது. “உமது நாடு உமக்காகக் காத்திருக்கிறது.”

டாக்டர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். வழுக்கைத் தலையெல்லாம் வியர்வை.

“இது ரெண்டாம் பாகத்தோட தொடக்கக் காட்சில்லா,” என்றார். “கோட்டைக் கதவு திறக்கும், யானை வரும், அமைச்சர் கனைச்சுக்கிட்டு வரவேற்பார். ஒவ்வொரு தடவையும் திறந்ததும் இதான வரும்.” என் பக்கம் திரும்பினார். “ஒற்றைக்கோட்டை, நீங்க இதைக் கேட்டதே இல்லையா?”

ஹாலில் அயர்ன் மேசை மேல் காய்ந்த துணிக் குவியல். அதற்கு அடியில் லேப்டாப், அந்த ஸ்பீக்கரோடு இணைத்தபடியே. மத்தியானம் நாலாவது பேட்சைப் போட்டு அழுத்திவிட்டு, வழக்கம்போலக் கோடு நின்றதும் வழக்கம்போலத் துணியை மேலே கொட்டிவிட்டுப் போயிருந்தேன். அது நிற்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து ராத்திரி எட்டு மணிக்கு நிரம்பியிருக்கிறது. திரையில் கோட்டை வாசல். யானை உள்ளே போனது, திரும்ப முதலிலிருந்து வந்தது. தொம். தொம்.

மூன்று மாதம் நான் ஊரோடு சண்டை போட்டுக் காப்பாற்றிய விளையாட்டு. அது என் வீட்டுக்குள் வந்து வணக்கம் சொன்னது. நான் அதை மிருகம் என்று நினைத்து, குழந்தையை இறுக்கிக்கொண்டு படையைக் கூட்டினேன்.

விளக்கம் சொல்லத் தொடங்கினேன். ஸ்பீக்கர் பழசு என்றேன், சத்தம் மாறிக் கேட்கிறது என்றேன், தாய்மார்களுக்குக் காது அடைக்கும் என்று கூடச் சொன்னேன்.

“விடும்மா,” என்றார் நிஷா. “எங்களுக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ அதை ஆடலன்னு. எந்த நாட்டு இளவரசரும்மா ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பால் கப்பம் கேக்காரு? நான் மூணு பெத்தவ. முதல் ஓலையிலேயே சொல்லிட்டேன் டாக்டர்ட்ட, பிள்ளைக்கு ஏழு மாசம் இருக்கும்னு.”

“பொம்பளப் பிள்ளைன்னு எனக்குத் தெரியாது,” என்றார் டாக்டர், ஏதோ அது மட்டும்தான் குறை என்பது போல.

“அப்ப ஏன் யாரும் சொல்லல?”

“சொன்னா எழுதறத நிறுத்திருவியே. நான் ரெண்டாம் நாளே அந்தச் சனியனை அழிச்சிட்டேன். இவரும் அழிச்சாச்சு. மிச்சம் இருக்கிற எல்லாரும் அழிச்சாச்சு. உன் ஓலைக்காகத்தான் எட்டு மணிக்கு வாறோம். அன்னிக்கு இளவரசருக்குக் காய்ச்சல்னு எழுதினியே, ‘கோட்டைக்குள் வெப்பம் தணியவில்லை’ன்னு, எங்க வீட்டுக்காரரு தூங்கல.”

இதை அவர்கள் என் மனம் நோகக்கூடாதென்று சொன்னார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. என் நடையில் ஒரு சரக்கு இருப்பதால்தான் படித்திருக்கிறார்கள். இருந்தாலும் டாக்டரை விடவில்லை. “அப்புறம் எதுக்கு நீங்க குழுவை மூடணும்னு வாக்கெடுப்பு வெச்சீங்க?”

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மடக்கினார். “அப்படிச் சொன்னாத்தான நீங்க சண்டைக்கு வருவீங்க? போன வாரம் முழுக்க நீங்க ஓலையை மட்டும் போட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. எட்டு மணிக்கு கிளினிக்கைப் பூட்டிட்டா எனக்கும் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா?”

போன வாரம் இசபெல்லுக்குப் பல் முளைத்த வாரம். நான் நின்றுகொண்டே தூங்கினேன்.

“வாக்கெடுப்பு?”

“கேன்சல். யானை நடக்குதே, பாக்கல நீங்க? நாலாவது பேட்ச்சுல யானை தரையில நடக்குது!” என்று சொல்லிவிட்டுத் துணிக் குவியலைத் தள்ளி, தரையில் சம்மணம் போட்டு, லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ‘செத்த வீடு’ என்று எழுதிய மனிதர். கண் அப்படி மின்னியது. “தூதுவனைப் பாப்போம், என்ன மிச்சம் இருக்குன்னு.”

ஆக, வாங்கலாமா என்று கேட்டீர்கள். என் தீர்ப்பு இது: தொடக்கக் காட்சி பிரமாதம். யானை நிஜ யானை மாதிரியே மூச்சு விடுகிறது, இதற்கு நான் சாட்சி. மற்றபடி டாக்டர் மூன்று முறை ஆடியதில் மூன்று முறையும் நின்றுவிட்டது. ஐந்தாவது பேட்ச் வரட்டும், சரியாகிவிடும். எப்படியும் ராத்திரி எட்டு மணிக்குக் குழுவுக்கு வந்துவிடுங்கள். வாங்காமல் வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஓலைக்குள் வீடு வரக்கூடாது என்ற சட்டம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று ராத்திரி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

நிஷா என் தோளைப் பார்த்தார். இளவரசி திருப்பி அளித்த கப்பம் அங்கே காய்ந்திருந்தது. “கடைசியா எப்பக் குளிச்ச?”

“காலையில.”

“ரெண்டு செம்பு ஊத்திக்கிட்டு ஓடியாறதைக் கேக்கல. தலைக்கு.”

எனக்கு நினைவு வரவில்லை. அருள் கப்பலுக்குப் போன அன்று குளித்தேன், அது உறுதி.

“பிள்ளையக் கொடு. போ.”

இல்லை, அவள் யாரிடமும் போகமாட்டாள் என்றேன். அழுதால் மூச்சடைத்துக்கொள்வாள் என்றேன். கழுத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும், பின்னந்தலையில் கை கொடுக்க வேண்டும்…

“பத்து மாசப் பிள்ளைக்குக் கழுத்து நின்னு அரை வருஷம் ஆச்சும்மா. கொடு.”

இசபெல் என் கையிலிருந்து போனாள். கன்னியாஸ்திரீகள் வைத்திருக்கிற கண்ணாடிச் சொரூபத்தைக் கொடுப்பது போலக் கொடுத்தேன். போனவள் அழவில்லை. நிஷாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். பிறகு சப்பாத்திக் கட்டையைக் கேட்டாள். அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மடியில் யானையோடு உட்கார்ந்திருந்த டாக்டரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். டாக்டர் நிமிர்ந்து, “மேல ஒண்ணு, கீழ ரெண்டு. நல்லாத்தான் வருது,” என்றார்.

குளியலறைக்குப் போனேன். எனக்குத் தண்ணீரில் ஆசை என்று இல்லை, அழுக்குக் கையால் குழந்தையைத் தூக்கக்கூடாதே என்றுதான். துண்டைப் போட்டேன். வழக்கம்போலக் கதவைத் திறந்தே வைத்தேன். குளியலறை வாசலுக்கு நேரே குழந்தையின் நாற்காலியைப் போட்டு, அவளைக் கட்டி உட்காரவைத்து, கண்ணை மூடாமல் சோப்புப் போட்டு, சோப்பு கண்ணில் இறங்கினாலும் மூடாமல் பார்த்துக்கொண்டே குளிப்பேன். அவள் உட்காரப் பழகியதிலிருந்து அப்படித்தான். வீட்டில் நான்காவது ஆள் இருக்கிறார் என்பதே நினைவில்லை. நான்காவது ஆள் வழுக்கைத் தலை பல் டாக்டர்.

“கதவைச் சாத்தும்மா!” என்று நிஷா கத்தினார். “நாங்க எங்கயும் போகல!”

சாத்தினேன். சாத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். யானை நடந்தது. “அங்க பாரு, அங்க பாரு, தூதுவனுக்குக் காலு வந்துட்டு,” என்று டாக்டர் கூவினார். “தலை?” என்று நிஷா கேட்டார். ஏதோ ஒரு பதில் வந்தது, அதற்கு இசபெல் சிரித்தாள், அந்த வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, நான் மட்டுமே கேட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. முதல் தடவை தள்ளினேன், அசையவில்லை. சோப்பை எடுத்து அதில் தடவிவிட்டு மறுபடி தள்ளினேன். கிரீச் என்று போய் உள்ளே விழுந்தது.